தயாளனின் ஞாயிற்றுக்கிழமைகள்

கும்மிடிப்பூண்டி பஸ் நிறுத்தத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. எழுபதுகளின் நடுப்பகுதி என்று வைத்துக்கொள்ளுங்கள். கத்தரிப்பூ நிற நூல் புடவை கட்டிய ஒரு பெண், காலில் பழுப்பு நிறத் தோல் ஷூ மாட்டி, லேஸை இறுக்கிக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள்.

புடவைக்கு ஷூ! டீக்கடைக்காரர் ஆற்றிக்கொண்டிருந்த டீயை அப்படியே நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார். கூடையோடு காத்திருந்த இரண்டு பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். அவள் யாரையும் கவனிக்கவில்லை. பக்கத்தில் நின்ற கணவனிடம் ஏதோ சொன்னாள். அவன் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தான்.

அந்தக் காலத்தில் புருஷனும் பெண்சாதியும் பஸ்ஸுக்கு நின்றால் இருவருக்கும் நடுவே இன்னொரு குடும்பம் தாராளமாக நிற்கலாம். இவர்கள் தோளோடு தோள் உரசி நின்றார்கள்.

எதிர்ப்பக்கம் நான். கையில் கறிப் பை. மந்தார இலையில் கட்டிய அரைக் கிலோ ஆட்டுக்கறியின் ஈரம் பையின் அடியில் ஊறி என் வேட்டியில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"இன்னா சார், கறியா?" என்று அங்கிருந்தே கேட்டான் அவள் கணவன் தயாளன்.

"ஆமாம்பா. காலங்காத்தால எங்க கெளம்பிட்டீங்க?"

"நாகலாபுரம் மலைக்கு சார்."

"மலைல இன்னா? கோயிலா?"

"கோயில்லாம் இல்ல சார். சும்மா, நடந்துட்டு வர்லாம்னு."

சும்மா நடக்கிறதுக்கு மலை! சத்தியவேடு பஸ் வந்தது. அவன் அவளுக்குக் கை கொடுத்து ஏற்றிவிட்டான். எனக்கு வயிறு எரிந்தது. அன்றைக்குக் குழம்பு அருமையாக இருந்ததாகக் கமலா சொன்னாள். எனக்கு ருசியே தெரியவில்லை.

சாக்பீஸ் அதிகாரி

கமலா என் மனைவி. இந்தத் தொடரைப் படித்துவருகிறவர்களுக்கு அவளைத் தெரியும். ஒவ்வொரு அத்தியாயத்தையும் பத்திரிகைக்குத் தபாலில் சேர்ப்பதற்கு முன் அவளுக்குப் படித்துக் காட்டுவேன். காய் நறுக்கிக்கொண்டே கேட்பாள். போன வாரம் எங்கள் கல்யாணப் பந்தலில் வாழைமரம் கட்டியதாக எழுதியிருந்தேன். கட்டியது கமுகு என்று திருத்தினாள். நான் மறந்ததையெல்லாம் அவள் ஞாபகம் வைத்திருப்பாள்.

அப்போது நான் ஒரு கம்பி ஆலையில் டைம் ஆபீஸ் குமாஸ்தா. யார் எத்தனை மணிக்கு வந்தார்கள், போனார்கள் என்று பார்ப்பது வேலை. அதோடு இன்னொரு வேலையும் உண்டு. அதுதான் இந்தக் கதைக்கு முக்கியம்.

மின்சாரத் தட்டுப்பாட்டுக் காலம் அது. எங்கள் தொழிற்பேட்டையில் ஒரு ஆலைக்குத் திங்கள் விடுமுறை, இன்னொன்றுக்கு வியாழன் என்று பிரித்துக் கொடுத்திருந்தார்கள். எங்கள் ஆலையில் உலையை அணைக்க முடியாது. அதனால் ஆளுக்கொரு கிழமை ஓய்வு. இன்னாருக்குச் செவ்வாய், இன்னாருக்கு வெள்ளி என்று கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு கரும்பலகையில் மாதாமாதம் எழுதிப்போட வேண்டும். அதற்கு 'ஆஃப் போர்டு' என்று பெயர். எழுதுகிறவன் நான். காகிதத்தில் நான் போட்டுக் கொடுக்கும் பட்டியலில் ஃபோர்மன் டீ குடித்துக்கொண்டே கையெழுத்துப் போடுவார். படித்துப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை.

ஆக, நூற்றுச் சொச்சம் ஆண்கள் எந்தக் கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்கலாம் என்பதை நான்தான் தீர்மானித்தேன். கையில் ஒரு சாக்பீஸ் இருந்தால் மனிதனுக்கு எவ்வளவு கர்வம் வரும் என்பது எனக்குத் தெரியும்.

அவன் கேட்ட வரம்

ஞாயிற்றுக்கிழமை ஆஃப் என்பது எங்கள் ஆலையில் பெரிய விஷயம். மூத்தவர்களுக்குத்தான் கிடைக்கும். தயாளனுக்கு வயது முப்பதுகூட ஆகவில்லை. செவ்வாப்பேட்டைக்காரன், ஃபிட்டர். அவனுக்கு எப்படிக் கிடைத்தது?

இத்தாலியிலிருந்து ஒரு மெஷின் வந்தது. பெரிய பெரிய மரப்பெட்டிகளில் வந்து இறங்கியது. அதை ஓட்டக் கற்றுக்கொள்ள ஒரு ஆளை மூன்று மாதம் அங்கே அனுப்ப வேண்டும். தயாளனை அனுப்பினார்கள். திரும்பி வந்து மெஷினை ஓட்டிக் காட்டினான். முதல் கம்பிச் சுருள் வெளியே வந்ததும் பெரிய மேனேஜர் சந்தோஷத்தில் அவன் தோளைத் தட்டி, உனக்கு என்ன வேண்டும் கேள் என்றார்.

பிரமோஷன் கேட்பான், குவார்ட்டர்ஸ் கேட்பான் என்று நாங்கள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம்.

"ஞாயித்துக்கெழமை ஆஃப் வேணும் சார். ஊட்ல டீச்சர் வேல பாக்குது. அதுக்கு ஞாயிறு மட்டும்தான் லீவு" என்றான்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டேதான் பலகையில் எழுதினேன்.

அவன் மனைவி வசந்தா எங்கள் தெருவிலேயே, இரண்டு வீடு தள்ளி. கமலாவும் அவளும் தண்ணீர்க் குழாயடியில் சிநேகம்.

கண்ணாடியில் செருகிய ஊர்

ஒரு நாள் சாயங்காலம் எங்களை டீ குடிக்கக் கூப்பிட்டார்கள். சுவரில் மாட்டியிருந்த முகம் பார்க்கும் கண்ணாடியின் சட்டத்தில் ஒரு படம் செருகியிருந்தது. தபால் அட்டை. தெரு இருக்க வேண்டிய இடத்தில் தண்ணீர். இரண்டு பக்கமும் மாடி வீடுகள். நடுவே கறுப்பாக, மூக்கு நிமிர்ந்த ஒரு படகு.

"இதான் வெனிஸ்" என்றான் தயாளன். "நான் இருந்த ஊரு மலையடிவாரம் சார். சனி, ஞாயிறு ஆச்சுன்னா அந்த ஊர்க்காரங்க புருசன் பொஞ்சாதியா மலை மேல நடக்கப் போவாங்க. மேல கோயில் கீயில் ஒண்ணும் கெடயாது. போவாங்க, ரொட்டி தின்னுவாங்க, எறங்கி வருவாங்க. கடசி ஞாயிறு என்னிய ரயில்ல இந்த ஊருக்கு இட்னு போனாங்க. எங்க பார்த்தாலும் ஜோடி ஜோடியா சார். நான் மட்டும் பாலத்து மேல தனியா நின்னுகினு இருந்தேன். ரொம்ப பேஜாரா பூட்ச்சு. அப்பவே முடிவு பண்ணிட்டேன், ஊருக்குப் போனா ஒரு ஞாயித்துக்கெழமயும் வசந்தாவ உட்டுட்டு இருக்கறதில்லன்னு."

வசந்தா முகத்தைத் திருப்பிக்கொண்டு டம்ளரைக் கழுவப் போய்விட்டாள். கமலா அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் சும்மா இருந்திருக்கலாம். "இன்னாப்பா பெரிய படகு! நம்ம பழவேற்காட்ல இல்லாத படகா?" என்றேன்.

தயாளன் சிரித்தான். "கரெக்ட் சார். நாத்தங்கூட அதே நாத்தந்தான். தண்ணி வத்துற நேரத்துல அப்டியே பழவேற்காடு."

எல்லோருக்கும் சிரிப்பு. நான் குத்திக் காட்டியதைக்கூட அவன் ரசிக்கும்படி ஆக்கிவிட்டான். அதற்கும் சேர்த்து அவன் மேல் எரிச்சல் வந்தது.

அந்தப் பழுப்பு ஷூவும் அங்கிருந்து வாங்கி வந்ததுதானாம். போவதற்கு முன் வசந்தாவின் பாதத்தை ஒரு நூலால் அளந்து, அந்த நூலைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போயிருக்கிறான். கமலா இதை என்னிடம் நான்கு தடவை சொன்னாள்.

திங்கட்கிழமைச் செய்திகள்

ஞாயிறு அவர்கள் மலைக்குப் போவார்கள். திங்கள் காலை குழாயடியில் வசந்தா கமலாவிடம் சொல்வாள். மத்தியானம் நான் சாப்பிட வரும்போது கமலா எனக்குச் சொல்வாள்.

"வளைஞ்ச மரம் ஒண்ணு கீதாம். அத்தத் தாண்டி எடது கைப்பக்கம் போணுமாம். போனா பாற நடுவுல குளம் மாதிரி தண்ணியாம். அடி தெரியுமாம்ங்க! தயாளன் அண்ணன் எல கிள்ளிப் போட்டு, இதான் நம்ம படகுன்னு சொல்லிச்சாம்."

கையில் எடுத்த சோற்றை உண்ணாமல் அவள் பேசுவாள். முகம் முழுக்க வெளிச்சம். எங்களுக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம். என்னைப் பற்றிப் பேசும்போது அந்த வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. ஒளிக்காமல் சொல்கிறேன், நான் பொறாமைப்பட்டது மலைக்காக இல்லை, இத்தாலிக்காகவும் இல்லை. என் மனைவியின் முகத்தை அந்த மாதிரி ஆக்க இன்னொருவன் வீட்டுக் கதை தேவைப்பட்டதே, அதற்காக.

நான் கேட்காத மாதிரி மோர் ஊற்றச் சொல்வேன்.

குளத்துப் படியில்

அந்த மாதம் அமாவாசை ஞாயிற்றுக்கிழமை வந்தது. கமலாவின் பிறந்த வீடு திருவள்ளூர். அமாவாசையென்றால் அங்கே சொல்ல வேண்டாம், தெரு முழுக்க ஜனம். பெருமாள் கோயில் குளத்தில் வெல்லம் கரைக்க வேண்டுமென்று அவளுக்கு ஒரு வேண்டுதல். என்ன வேண்டுதல் என்று கேட்டேன். சொல்லவில்லை.

படியில் உட்கார்ந்து வெல்லக் கட்டியைத் தண்ணீரில் விட்டாள். சுற்றிலும் ஈரப் புடவை வாசனை, மஞ்சள் வாசனை. அவள் குளத்தைப் பார்த்தபடி சொன்னாள்:

"இன்னாங்க, அந்த ஊர்ல ஊட்டு வாசப்படியே இப்பிடித்தான் தண்ணிக்குள்ள எறங்குதாம். கதவத் தொறந்தா படகு நிக்குமாம். தயாளன் அண்ணன் சொல்லிச்சு."

பெருமாள் குளத்தில் காலை வைத்துக்கொண்டு வெனிஸ்! என் மாமனார் ஊரில், என் மனைவியின் வேண்டுதலுக்கு நடுவிலும் அந்தத் தயாளன் வந்து உட்கார்ந்துகொண்டான்.

மறுநாள் புது மாதத்துப் பட்டியல் போட வேண்டிய நாள். தயாளன் பெயருக்கு நேரே புதன் என்று எழுதினேன். ஃபோர்மன் டீயை உறிஞ்சிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். பிறகு அதைப் பலகையில் எழுதினேன். எழுத்து மணிமணியாக வந்தது.

ஷிஃப்ட் முடிந்து தயாளன் என்னிடம் வந்தான். "சார், போர்டுல புதன்னு போட்டுகீதே?"

"மேலிடத்து ஆர்டர்பா. ஞாயித்துக்கெழம அந்த மெஷினுக்குத் தெரிஞ்ச ஆள் வேணுமாம். நான் இன்னா பண்றது?" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "புதன் நல்லதுதானே? ஆம்பளைக்கு எண்ணெய் தேச்சுக் குளிக்க ஒசந்த நாளாச்சே" என்றும் சேர்த்துக்கொண்டேன்.

பலகையைத் திரும்பிப் பார்த்தான். "சரி சார்" என்று போய்விட்டான்.

சத்தம் அடங்கிய வீடு

அடுத்த ஞாயிறு கறி வாங்கப் போனபோது பஸ் நிறுத்தத்தில் யாருமில்லை. எனக்குள் ஒரு குளிர்ச்சி. வரும்போது வசந்தா வாசலில் தனியாக உட்கார்ந்து அந்த ஷூவுக்குத் தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்துக்கொண்டிருந்தாள். கறிக்குழம்பு அன்று ருசித்தது. அதையும் எழுதத்தானே வேண்டும்.

திங்கள் மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தேன். கமலா பரிமாறினாள். நான் காத்திருந்தேன்.

"இன்னா, ஒண்ணும் விசேஷமில்லியா?" என்றேன்.

"இன்னா விசேஷம்? அவங்கதான் எங்கியும் போலியே."

அதற்கடுத்த திங்களும் அப்படித்தான். ரசம் வேண்டுமா, போதும், மோர் ஊற்றட்டுமா, ஊற்று. எங்கள் வீட்டில் ஒழுங்காக நடந்துகொண்டிருந்த ஒரே பேச்சு அவர்களுடைய மலைதான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அடுத்தவன் வீட்டு விளக்கை ஊதி அணைத்தேன், என் வீடு இருட்டாகிவிட்டது. இப்படியே ஆறு ஞாயிறு போயிற்று; நடுவில் வந்த மாதப் பட்டியலிலும் புதன் என்றே எழுதினேன்.

வளைந்த மரம்

ஏழாவது வாரம் என்னால் தாங்க முடியவில்லை. "வர்ற ஞாயிறு நம்ம போலாமா, நாகலாபுரத்துக்கு?" என்றேன்.

கமலா கரண்டியைக் கீழே வைத்தாள். "நெசமாவா?"

வசந்தா தன் ஷூவைக் கொடுத்தனுப்பினாள். கமலாவுக்கு அது பெரிது. முன்பக்கத்தில் துணியைத் திணித்துக்கொண்டாள். எவ்வளவு துணி வேண்டும் என்று அவள் என்னைக் கேட்டபோது, என் மனைவியின் பாதம் எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியவில்லை.

சத்தியவேட்டில் பஸ் மாறிப் போய் இறங்கினோம். இட்லிக்கடை அம்மாள் எங்களை ஏற இறங்கப் பார்த்தாள். "நாஷ்டா துண்ணுட்டுப் போ நைனா. கோயிலு இங்கயே கீதே, மேல இன்னாத்துக்குப் போறீங்க?" என்றாள். "சும்மா நடக்கறதுக்கும்மா" என்றாள் கமலா, பெருமையாக.

அரை மணி நேரத்தில் எனக்கு வழி தப்பிவிட்டது. ஒற்றையடிப் பாதை இரண்டாகப் பிரிந்தது. நான் வலது பக்கம் திரும்பினேன்.

"எங்க போறீங்க? தோ, வளைஞ்ச மரம். எடது கைப்பக்கம்" என்றாள் கமலா.

அதற்குமுன் அவள் அந்த மலையில் கால் வைத்ததில்லை. ஆனால் ஒவ்வொரு கல்லும் அவளுக்குத் தெரிந்திருந்தது. முன்னால் நடந்தாள். நான் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால். திணித்த துணி நழுவும்போதெல்லாம் நின்று சரி செய்துகொண்டாள்.

பாறைக்கு நடுவே அந்தக் குளம் இருந்தது. உண்மையிலேயே அடி தெரிந்தது. கமலா ஷூவைக் கழற்றி வைத்துவிட்டுத் தண்ணீரில் காலை விட்டாள். ஒரு இலையைக் கிள்ளிப் போட்டாள். அது சுற்றிச் சுற்றி நடுவுக்குப் போயிற்று. சில்லென்ற காற்றில் ஈரப் பாசி வாசனை.

"ஒண்ணு சொன்னா கேப்பீங்களா?" என்றாள்.

"சொல்லு."

"ஏழு வாரமா அவங்க வர்ல. நம்ம வந்து ஒக்காந்துகினு இருக்கோம், எனக்கு ஒரு மாதிரியா கீது. யாரோ புண்ணியவான் ஆர்டர் போட்டானாமே. நீங்க ஆபீஸ்லதான இருக்கீங்க? மேல சொல்லி அவங்களுக்கு அந்த ஞாயித்துக்கெழமய வாங்கிக் குடுங்களேன். நீங்க சொன்னா கேக்க மாட்டாங்களா?"

அப்போது சொல்லியிருக்க வேண்டும். அந்தப் புண்ணியவான் நான்தான் என்று. அவள் முகத்தைப் பார்த்தேன்.

"சொல்றேன். வாங்கிக் குடுக்கறேன்" என்றேன்.

அவ்வளவுதான். அந்த வெளிச்சம் அவள் முகத்தில் வந்தது. திங்கட்கிழமைகளில் தயாளனுக்காக வந்ததே, அதே வெளிச்சம். இந்தத் தடவை என்னைப் பார்த்து வந்தது. நான் எதற்காக அந்தப் பாவத்தைச் செய்தேனோ, அது அந்தப் பாவத்தாலேயே எனக்குக் கிடைத்தது.

வாங்கிக் கொடுத்தவர்

மறுநாளே பட்டியலைத் திருத்தி, பலகையில் தயாளனுக்கு ஞாயிறு என்று எழுதினேன். மேனேஜர்களிடம் பேசியதாகச் சொன்னேன். பேசியது சாக்பீஸிடம் மட்டும்தான்.

இருவரும் பாலும் பழமும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்கள். வசந்தா என்னைக் கும்பிட்டாள். "தெய்வம் மாதிரி பண்ணீங்கண்ணா" என்றாள். தயாளன் சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்துக் கமலாவிடம் கொடுத்தான். அந்த வெனிஸ் படம்.

"ஐயோ, வேணாம்ணா! ஒங்க கண்ணாடில இருக்கறதாச்சே!"

"எங்களுக்குத்தான் ஞாயித்துக்கெழம கெடச்சிச்சே. நீ வெச்சுக்கம்மா" என்றான். பிறகு என் பக்கம் திரும்பினான். "புதன்கெழமையும் நல்லாத்தான் சார் இருந்துச்சு. நீங்க சொன்னாப்ல எண்ணெய் தேச்சுக் குளிச்சேன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். அவனுக்குத் தெரியுமா, தெரியாதா என்று அன்றிலிருந்து யோசிக்கிறேன். இனி கேட்க முடியாது.

போன மாதம் வசந்தாவிடமிருந்து கடிதம் வந்தது. தயாளன் போய்விட்டான். கமலாதான் கண்ணாடி போட்டுக்கொண்டு சத்தமாகப் படித்தாள். கடைசிப் பத்தியில் வசந்தா எழுதியிருந்தாள்: 'அண்ணன் அன்றைக்கு வாங்கிக் கொடுத்த ஞாயிற்றுக்கிழமைகளில்தான் அக்கா நாங்கள் வாழ்ந்தோம். அவர் கடைசி வரை அதைச் சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணனிடம் சொல்லுங்கள்.'

கமலா அழுதாள். அழுதுகொண்டே என் கையைப் பிடித்து, "பாத்தீங்களா" என்றாள். முகத்தில் அந்தக் குளத்தங்கரை வெளிச்சம் அப்படியே இருந்தது. இத்தனை வருஷத்தில் வீடு நான்கு மாறினோம். ஒவ்வொரு வீட்டிலும் அந்தப் படம் எங்கள் கண்ணாடிச் சட்டத்தில் இருக்கிறது. ஷேவ் செய்யும்போது என் முகத்துக்குப் பக்கத்தில் அந்தப் படகு நிற்கும்.

நான் அவனிடமிருந்து எடுத்துக்கொண்ட ஏழு ஞாயிறுகள் எங்கே போயின? அவனுக்குத் திருப்பித் தர அவன் இல்லை.

இந்த அத்தியாயத்தை மட்டும் கமலாவுக்குப் படித்துக் காட்டவில்லை. இந்த வாரம் என்ன எழுதினீர்கள் என்று கேட்டாள். ஆலைக் கதை என்றேன். உறையை மூடி ஒட்டி, நானே போய்த் தபால் பெட்டியில் போடப் போகிறேன். அச்சாகி வீட்டுக்கு வர எப்படியும் பத்து நாள் ஆகும். வந்ததும் அவள் முதலில் என் பக்கத்தைத்தான் புரட்டுவாள்.

இன்னும் பத்து நாளைக்கு அந்த முகம் எனக்கு இருக்கிறது.